காலை விறைப்பும் நமது பழக்கங்களும்



காலையிற் கண்விழித்ததும் கழுத்துத் திரும்ப மறுக்கிறது. இடுப்பு நிமிர மறுக்கிறது. மூத்தோர் இதனை வயதின் கோளாறு என்பர். இளைஞராகிய நாம் மார்கழி வாடைக்காற்றின்மேற் பழியைப் போடுவோம். வயதையும் வாடையையும் நாம் மாற்ற இயலாது. இரவைக் கழிக்கும் முறையையும் காலையில் எழும் முறையையும் மாற்ற இயலும்.

நமது மூட்டுக்களினுள்ளே எண்ணெய் போன்றதொரு திரவம் உண்டு. அசைவினாலேயே அது நன்கு பரவுகிறது. முள்ளந்தண்டெலும்புகளுக்கிடையேயுள்ள தட்டுக்களோ, நாம் படுத்திருக்கையில் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. காலையில் நாம் மாலையிலும் பார்க்கச் சற்று உயரமாயிருப்பது இதனாலேயே. அவ்வேளையிற் சடுதியாகக் குனிந்தால் முதுகு மிகுந்த பாரத்தைத் தாங்க நேரிடும். நாட்பட்ட இடுப்பு வலியுடையோர் அதிகாலையிற் குனிவதைத் தவிர்த்தபோது வலி குறைந்ததென 1998 ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

சூரிய நமஸ்காரம் சிறந்த அப்பியாசமே. எனினும் பாயை விட்டெழுந்த கையோடு அதிலுள்ள குனியும் நிலைகளைச் செய்தல் உகந்ததன்று. முதலிற் படுத்தபடியே கணுக்கால்களைச் சுழற்றுவோம். முழங்கால்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவோம். பின் ஒருக்களித்து, கையை ஊன்றி எழுவோம். தோள்களைச் சுழற்றி, கழுத்தை இருபுறமும் மெல்லத் திருப்பி, முற்றத்திற் சிறிது நடப்போம். காலைக்கடன்களை முடித்து, உடல் இளகிய பின்னர் நமஸ்காரத்தைத் தொடங்கலாம். விடியலில் வலையும் மீன்பெட்டியும் தூக்கும் நம் கடற்றொழிலாளச் சகோதரர்கள், முதுகை வளையாது முழங்காலை மடக்கித் தூக்குவார்களாக.

நித்திரையும் ஒழுங்காக வேண்டும். வளர்ந்தோர்க்கு ஏழு மணி நேரமாவது அவசியம். சிவராத்திரியன்று விழித்திருத்தல் விரதம். நாள்தோறும் கைத்தொலைபேசியுடன் நள்ளிரவு வரை விழித்திருத்தல் விரதமன்று! ஒரே நேரத்திற் படுத்து, ஒரே நேரத்தில் எழுவோம். கழுத்தை மடக்கும் உயர்ந்த தலையணையை விலக்குவோம்.

இனி, முக்கியமானதொன்று. சாதாரண விறைப்பு நடமாடத் தொடங்கியதும் அரை மணி நேரத்துள் நீங்கிவிடும். ஒரு மணி நேரம் கடந்தும் நீங்காது வாரக்கணக்கில் நீடித்தால், அல்லது விரல் மூட்டுக்கள் வீங்கினால், அது முடக்குவாதமாயிருக்கலாம். முள்ளந்தண்டைப் பற்றும் வாதமொன்று இருபது வயது இளைஞரிடத்தும் தொடங்குவதுண்டு. ஓய்ந்திருந்தால் அவ்வலி கூடும், அசைந்தால் குறையும். இவற்றை எண்ணெய் பூசி மறைத்துக் காலங்கடத்தினால் மூட்டுக்கள் நிரந்தரமாகப் பழுதடையக்கூடும். காலத்தோடு மருந்தெடுத்தால் பெரும்பாலும் தடுக்கலாம். நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசமாயிருக்கையில் நாம் தயங்குவதேன்?

ஆதலின் இளைஞரே, வீட்டிலே பாட்டனாரோ அன்னையாரோ காலையிற் கை மடக்க முடியவில்லை என்றால், வயதென்று தள்ளிவிடாதீர்கள். எவ்வளவு நேரம் நீடிக்கிறதென்று கேளுங்கள். பெரியோரே, பிள்ளைகள் இடுப்பு வலியென்றால் சோம்பலென்று கடியாதீர்கள். ஒருவர் நலனை மற்றவர் கவனித்தலும் தொண்டேயாகும்.