யானைமலை உரைக்கும் செய்தி



மதுரையிலிருந்து மேலூர் செல்லும் வழியில், ஒத்தக்கடைக்கு அருகே யானைமலை படுத்திருக்கிறது. அதன் மேலுள்ள குகைத்தளம் ஒன்றில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் தமிழ்ப் பிராமியில் வெட்டப்பெற்ற கல்வெட்டு உண்டு. அங்கு உறைந்த துறவியர் பெயரோடு குன்றின் பெயரையும் அது கூறுகிறது: இவகுன்றம். இவம் என்றால் யானை. அரசுகள் மாறின, எழுத்தும் மாறிற்று. மலையடியில் ஏர் பிடிப்போர் அதே பெயரைத் தம் சொல்லில் இன்றளவும் வழங்கி வருகின்றனர்.

இச்செய்தி அறிஞரிடையே நின்ற காலம் நீண்டது. இத்தகைய குகை எழுத்துகளின் மொழி தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துரைத்தார். ஐராவதம் மகாதேவன் குன்றுகுன்றாக ஏறிப் படியெடுத்து ஆய்ந்து, 2003-இல் ஆங்கிலத்தில் பெருநூலாக வெளியிட்டார். பாண்டிநாட்டுச் சிற்றூர்களிலோ, துறவியர்க்கெனச் செதுக்கிய கற்படுக்கைகள் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்றே வழங்கின. அதை அறியாமையென எள்ளுவது ஆய்வாளர்க்கு அழகன்று. படுத்திருந்தவர் யார் என்பதை மறந்த பின்னும், அவர் மதிக்கத்தக்கார் என்பதை ஊர் மறக்கவில்லை. அப்பெயரும் பதிவு செய்யத்தக்க பண்பாட்டுச் சான்றே. (அரசின் அறிவிப்புப் பலகையோ, சேதப்படுத்துவோர்க்குரிய தண்டனையைத்தான் முதலில் சொல்கிறது!)

2010-இல் யானைமலையைச் சிற்ப நகராக மாற்றும் திட்டம் எழுந்தது. சுற்றூர் மக்கள் எதிர்த்து நின்றனர், திட்டம் கைவிடப்பட்டது. அதனையொட்டி எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முயற்சியால் 'பசுமை நடை' தோன்றியது. ஞாயிறு காலையில் குழந்தைகளும் முதியோரும் ஒரு குன்றை நோக்கி நடப்பர். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் பாறையருகே நின்று எளிய தமிழில் விளக்குவார். கேட்போர் ஐயம் வினவுவர். நூலகத்தில் உறங்கிய ஆய்வு அங்கே ஊர்ப்பேச்சாகிறது. சிறுவன் ஒருவன் வீடு திரும்பித் தன் பாட்டியிடம் இவகுன்றம் என்ற சொல்லை உரைப்பானாயின், அந்த ஆய்வுக்கு அதனினும் பெரிய பதிப்பு வேண்டுவதில்லை.

அம்மலையிலேயே மற்றொரு சான்றும் உண்டு. பாறைச் சரிவில் தீர்த்தங்கரர், பாகுபலி, அம்பிகை திருமேனிகள் கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டு அளவில் செதுக்கப்பெற்றுள்ளன. யாத்திரை செல்வோர் அவற்றை வணங்குகின்றனர். கீழே உள்ள வட்டெழுத்தை நோக்குவோர் சிலரே. அச்சணந்தி அடிகள் செய்வித்த திருமேனியை நரசிங்கமங்கலத்துச் சபையார் காக்க வேண்டும் என்று அவ்வெழுத்து ஒப்படைக்கிறது. 'ரட்சை' என்பதே அங்குள்ள சொல். நரசிங்கம் இன்றும் அம்மலையடியில் உள்ள ஊர். 2010-இல் மலையைக் காக்க எழுந்தோருள் அச்சொல்லை அறிந்திருந்தோர் எத்தனை பேர்? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் ஊராரிடம் ஒப்படைக்கப்பட்ட காவலையே அவர்கள் செய்தனர். அவ்வெழுத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டும் கடன் கற்றோருடையது.