பூமி பூஜையும் பிளாஸ்டிக் ரோடும்



பிளாஸ்டிக் கலந்து ரோடு போடுவதென்றால் நம் பக்கத்தில் இரண்டு விதமாய்ப் பேசுகிறார்கள். வெயிலில் உருகிக் காலில் ஒட்டும் என்பார் ஒரு சாரார். அது ஏதோ அற்புதம், நூறு வருஷத்துக்கு அசையாது என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் விசாரித்துப் பேசுகிறவர்களல்ல.

சங்கதி இவ்வளவுதான். ஜல்லிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கைக் கொட்டுவதில்லை. ஜல்லியை 160, 170 டிகிரி வரை சூடாக்கி, பொடிப்பொடியாய் நறுக்கிய பையையும் உறையையும் அதன்மேல் தூவினால், அவை உருகிக் கல்லின்மேல் மெல்லிய தோலாய்ப் படிந்துவிடுகின்றன. பிறகே தார் சேர்க்கிறார்கள். ரோடு பெயருவதற்கு முக்கிய காரணம் கல்லுக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுவதே. அந்தத் தோல் தண்ணீரை எளிதில் விடாது. தாரிலும் பத்தில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி இரசாயனப் பேராசிரியர் தோழர் வாசுதேவன் 2002-ல் கல்லூரிக்குள்ளேயே இப்படி ரோடு போட்டுக் காட்டினார். 2013-ல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கு விதிமுறையும் வெளியிட்டது. ஒரு கிலோமீட்டர் ஒற்றை வழி ரோட்டுக்குச் சுமார் 1 டன் பிளாஸ்டிக் போகும்.

ஆனால் பி.வி.சி. கலந்துவிட்டால் சூட்டில் விஷ வாயு கிளம்பும். ஆகவே முதல் வேலை குப்பையைப் பிரிப்பவர் கையில் இருக்கிறது. அந்தக் கை எந்த ஜாதியாருடையது என்பதை நாம் சொல்ல வேண்டுமா? பேராசிரியருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது, நியாயந்தான். பிரிக்கிறவளுக்கு ஒரு ஜோடி கையுறை கிடைத்ததா?

ரோட்டு வேலை ஆரம்பமென்றால் தேங்காய், கற்பூரம், பூசணிக்காய் எல்லாம் வந்துவிடுகின்றன. கல்லின் சூட்டை அளக்கும் கருவியை எவரும் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவருவதில்லை. கற்பூரம் எத்தனை டிகிரியில் எரிந்தால் நமக்கென்ன?

கல்வராயன் மலையிலோ இந்த விவாதத்துக்கே இடமில்லாத கிராமங்கள் இருந்தன. நோயாளியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். 2024-ல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலியான பிறகுதான், ஹைகோர்ட்டு தானாகவே வழக்கெடுத்து மலை ஜனங்களுக்கு ரோடு முதலியவை எங்கே என்று கேட்டது. அறுபது பிணம் விழாமலே கேட்டிருக்கக் கூடாதா? மலை ரோட்டுக்குத்தான் மழைத் தண்ணீர் பெரிய சத்துரு. அங்கேயல்லவா இம்முறையை முதலில் செய்து பார்க்க வேண்டும்?

தோழர்களே! அடுத்த பூமி பூஜைக்கு உங்களை அழைக்காவிட்டாலும் போங்கள். எஸ்டிமேட்டில் பிளாஸ்டிக் எத்தனை கிலோ, பி.வி.சி.யைப் பிரித்தது யார், கல்லின் சூடு எத்தனை டிகிரி என்று கேளுங்கள். பூசணிக்காயை அவர்கள் உடைத்துக்கொள்ளட்டும்.