எடை குறைக்கும் மருந்தில் நாங்கள் கண்டவை

(மருத்துவமனை நண்பர்கள் கூடுகையில் சகோதரிகள் இருவர் சேர்ந்து ஆற்றிய உரை)



எடை குறைக்கும் மருந்தைப் பற்றிப் பேச இங்கே மருத்துவர்கள் இருக்கும்போது எங்களை ஏன் அழைத்தார்கள் என்று நீங்கள் எண்ணக்கூடும். மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை மருத்துவர் சொல்லிவிடுவார். அதைச் சாப்பிட்டவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சாப்பிட்டவர்கள்தானே சொல்ல வேண்டும்! ஆகையால் மறைக்காமல் சொல்லலாம் என்று வந்திருக்கிறோம்.

நாங்கள் அக்காள் தங்கை. மூத்தவளுக்கு வயது 61. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், சர்க்கரை நோயாளி. இளையவளுக்கு வயது 54. அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், முழங்கால் வலிக்காரி. எங்கள் அம்மாவும் பாட்டியும் பருத்த சரீரம் உள்ளவர்கள். "வாயைக் கட்டினால் உடம்பு குறையும்" என்ற புத்திமதியைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தோம். கட்டியும் பார்த்தோம். கொள்ளுக் கஞ்சி குடித்தோம், இராச்சாப்பாட்டை விட்டோம். ஐந்து கிலோ குறையும், ஆறு கிலோ திரும்பி வரும். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பத்துக்கு நான்கு பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள்.

மருந்து என்று முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தது சிபுட்ரமின். 2006 ஆம் ஆண்டில் ஒரு மருத்துவர் மூத்தவளுக்கு அதை எழுதிக் கொடுத்தார். பசி சற்றுக் குறைந்தது உண்மைதான். ஆனால் வாய் உலர்ந்தது, நெஞ்சு படபடத்தது, இரத்த அழுத்தம் ஏறியது. நான்கு மாதத்தில் அந்த மருத்துவரே நிறுத்திவிட்டார். இதய நோய் உள்ளவர்களுக்கு அம்மருந்தினால் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன என்று தெரியவந்ததால், 2010 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது திரும்பப் பெறப்பட்டது. 2011 இல் நம் நாட்டிலும் தடை செய்யப்பட்டது. அதற்கு முன்பே, 1997 இல், பென்புளூரமின் என்ற மருந்து இதய வால்வுகளைக் கெடுப்பதாகக் கண்டு அமெரிக்காவில் நிறுத்தப்பட்டிருந்தது. இந்த வரலாற்றையெல்லாம் பின்னால் அறிந்தபோது, இனி இந்தப் பக்கமே போவதில்லை என்று பயந்திருந்தோம்.

இளையவளுக்கு அடுத்து வந்தது ஆர்லிஸ்டாட். சாப்பிடும் கொழுப்பில் ஒரு பகுதியைக் குடல் உறிஞ்சாமல் தடுப்பது அதன் வேலை. உறிஞ்சப்படாத எண்ணெய் வெளியேதானே வர வேண்டும்? ஒரு கல்யாண வீட்டுப் பிரியாணிக்குப் பிறகு அவள் பட்ட அவஸ்தையை இந்தச் சபையில் விவரிக்க வேண்டாம். ஒரு வருஷத்தில் மூன்று கிலோ குறைந்தது.

இப்போது பேசப்படும் மருந்துகள் வேறு வகையானவை. நாம் சாப்பிட்டவுடன் நம் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோன், "போதும்" என்ற செய்தியை மூளைக்குச் சொல்லுகிறது. இரைப்பை காலியாவதையும் மெதுவாக்குகிறது. இயற்கையான ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். செமாகுளுடைட் என்பது அதைப் போலவே செய்யப்பட்டு, உடம்பில் பல நாட்கள் தங்கும் மருந்து. டிர்செபடைட் இரண்டு ஹார்மோன்களின் வேலையைச் செய்வது. 2021 இல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் ஒருமுறை செமாகுளுடைட் ஊசி போட்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாகத் தங்கள் எடையில் 15 சதவீதம் குறைந்தார்கள். வெற்று ஊசி போட்டவர்கள் இரண்டரை சதவீதத்துக்கும் குறைவாகவே குறைந்தார்கள். ஏற்கெனவே இதய நோய் உள்ள 17,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2023 இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை 20 சதவீதம் குறைந்தன. பழைய மருந்து இதயத்தைக் கெடுத்தது. இது அதைக் காக்கிறது என்று எங்கள் மருத்துவர் விளக்கிய பிறகுதான் எங்கள் பயம் தெளிந்தது.

மூத்தவள் 2022 முதல் சர்க்கரைக்காகச் செமாகுளுடைட் மாத்திரை சாப்பிடுகிறாள். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், அரை தம்ளருக்கு மிஞ்சாத தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் காப்பிகூடக் குடியாமல் இருக்க வேண்டும். முப்பது வருஷம் மணியடித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தவள், இப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தானே உட்கார்ந்திருக்கிறாள்! ஒரு நாள் முற்பகலில் வியர்த்து நடுங்கிவிட்டாள். பார்த்தால் சர்க்கரை 62. புதிய மாத்திரையோடு பழைய கிளிமிப்பிரைடும் சேர்ந்ததால் நேர்ந்தது என்று மருத்துவர் பழையதைப் பாதியாகக் குறைத்தார். கண்ணின் விழித்திரையையும் சோதிக்கச் செய்தார். ஒரு வருஷத்தில் 84 கிலோ 77 ஆயிற்று. அதற்குமேல் முள் அசையவில்லை. ஆனால் மூன்று மாதச் சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்தது.

இளையவள் 92 கிலோ இருந்தாள். டிர்செபடைட் 2025 மார்ச் மாதம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது; அந்த ஏப்ரலில் தொடங்கினாள். வாரத்துக்கு ஓர் ஊசி. முதல் நான்கு வாரம் 2.5 மில்லிகிராம், பிறகு 5. முதல் மாதம் குமட்டல், அளவைக் கூட்டிய வாரம் இரண்டு நாள் வாந்தி, அப்புறம் மலச்சிக்கல். கொஞ்சமாக, மெதுவாக, எண்ணெய் குறைத்துச் சாப்பிடப் பழகியபோது அவை அடங்கின.

அவள் கண்ட பெரிய மாற்றம் எடையில் அல்ல. நாள் முழுதும் மனதுக்குள் "அடுத்து என்ன சாப்பிடலாம்" என்று நச்சரித்துக்கொண்டிருந்த குரல் மூன்றாம் வாரத்தில் ஓய்ந்தது. அவ்வருஷம் எங்கள் ஊர்க் கோயில் அசனத்தில் ஆட்டுக்கறிக் குழம்போடு இலை போட்டார்கள். ஒரு கரண்டிச் சோற்றோடு அவளுக்குப் போதும் என்று ஆயிற்று. வீட்டுக்கு வந்து, "அக்கா, மெலிந்தவர்கள் எல்லாரும் எப்பொழுதும் இப்படித்தான் இருக்கிறார்களா? இதற்கா நம்மை இத்தனை வருஷம் ஏசினார்கள்?" என்று கேட்டு அழுதாள். மூத்தவளும் அழுதாள்.

எட்டு மாதத்தில் 81 கிலோவுக்கு வந்தாள். மாடிப்படி ஏறினாள். பிறகு நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த மருந்து வந்த புதிதில் 5 மில்லிகிராம் குப்பி ஒன்று 4,375 ரூபாய், மாதம் 17,500. மகனுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டிய மாதத்தில் இரண்டையும் தாங்க அவள் சம்பளத்துக்குச் சக்தியில்லை. ஊசியை நிறுத்திய நான்காம் வாரம் அந்தப் பழைய குரல் திரும்பி வந்தது. நடையை விடவில்லை, சோற்றைக் கூட்டவில்லை. ஆனாலும் மூன்று மாதத்தில் நான்கு கிலோ ஏறியது. மருத்துவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. "இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறும், அதுபோலத்தான் இது" என்றார். ஆய்விலும் மருந்தை நிறுத்தியவர்கள் ஒரு வருஷத்துக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள் என்று எடுத்துச் சொன்னார். 2026 மார்ச்சில் செமாகுளுடைடின் காப்புரிமை இந்தியாவில் முடிந்து, நம் நாட்டுக் கம்பெனிகளின் ஊசிகள் குறைந்த விலையில் வந்தன. அதை எழுதிக் கொடுத்தார். மீண்டும் சிறிய அளவிலிருந்து தொடங்கியிருக்கிறாள்.

நண்பர்களே, எங்கள் அனுபவத்திலிருந்து உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். உடற்பருமன் ஒரு நீண்டகால நோய். இந்த மருந்து அதற்கு நீண்டகால வைத்தியம். முதல் ஊசிக்கு முன்பே, "எத்தனை வருஷம் எங்களால் இதற்குச் செலவு செய்ய முடியும்? எங்களைத் தொடர்ந்து பார்க்கப்போகிறவர் யார்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். எடையோடு தசையும் கரையும். ஆகையால் முட்டை, மீன், பயறு வகைகள் தட்டில் இருக்க வேண்டும், கைகால்களுக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டும். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தாலும், கணைய வீக்கம் வந்திருந்தாலும், பிள்ளைப்பேறு நாடுகிறவராயிருந்தாலும் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் போகும்போதும் இந்த மருந்து சாப்பிடுவதைச் சொல்லுங்கள். அடக்க முடியாத வயிற்றுவலி வந்தால் மறுநாள் வரைக்கும் காத்திராதேயுங்கள்.

இளையவள் மெலிந்ததைக் கண்டு பலர் எங்களிடம் வந்தார்கள். ஒரு தாய், "கல்யாணத்துக்கு நான்கு மாதந்தான் இருக்கிறது, என் மகளுக்கு ஒரு குப்பி கொடுங்கள் அம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிள்ளைக்கு இருந்தது நான்கைந்து கிலோ. நாங்கள் கொடுக்கவில்லை. இது தாலி கட்டும் நாளுக்காகப் போடும் ஊசி அல்ல என்று சொல்லி, மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொன்னோம். அந்தத் தாய்க்கு எங்கள்மேல் வருத்தந்தான். சீட்டு இல்லாமல் கைக்குக் கை மாறும் மருந்தையும், மலிவாகக் கிடைக்கிறது என்று சொல்லப்படும் மருந்தையும் வாங்காதேயுங்கள். போலிச் செமாகுளுடைட் ஊசிகளைக் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை வெளியிட்டது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் சபையிலும் தெருவிலும் எங்களைப் போன்றவர்கள் இருப்பார்கள். பந்தியில் அவர்கள் இலையைப் பார்த்துப் பேசாதேயுங்கள். அதிகம் சாப்பிட்டாலும் பேச வேண்டாம், குறைவாகச் சாப்பிட்டாலும் "ஊசி போடுகிறாயோ?" என்று கேட்க வேண்டாம். அவர்களோடு சாயங்காலம் அரை மணி நேரம் நடக்க வாருங்கள். எங்கள் தெருவில் இரண்டு பேர் அப்படி வருகிறார்கள். மழை நாளில்கூடக் குடையோடு வந்து வாசலில் நிற்கிறார்கள்.

தேநீர் வேளையில் நாங்கள் இங்கேதான் இருப்போம். எதையும் கேளுங்கள், எடை எவ்வளவு என்று கேட்டாலும் சொல்லுவோம்.