எது அயல்நாட்டுப் படம்?

மலைநாட்டுப் புகையிரதப் பாதை முடிவுறும் இடம் பதுளை. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீட்டர் மலையும் குகையும் கடந்து வரும் இருப்புப்பாதை, 1924ஆம் ஆண்டில் இந்நகரை வந்தடைந்தது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. ஆகையால் இந்நிலையத்தில் வண்டியை இடைவழியில் காண்பவர் எவருமில்லை; இங்கு நிற்பவர் வந்து சேர்ந்தவராக இருப்பர், அல்லது புறப்பட்டுச் செல்பவராக இருப்பர். காதற் படங்களைப் பற்றிய பேச்சை ஒரு புகையிரத நிலையத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மேலைநாட்டுப் பழைய காதற் படங்களுள் சிறந்த சில, தம் உயிரை இத்தகைய நிலையங்களிலேயே வைத்திருக்கின்றன.

ஊவா மாகாணத்துத் தோட்டங்களில், பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கங்களில், படம் பார்த்தல் என்பது நெடுங்காலம் அன்றாட வழக்கமாக இருந்ததில்லை. பிரட்டுக்களமும் கொழுந்துக் கூடையும் விட்ட நேரமே மக்களுக்கு உரிய நேரம். சம்பளம் கைக்கு வந்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமையில் நகருக்கு இறங்குவோர், தமிழகத்திலிருந்து வந்த தமிழ்ப் படத்தையே நாடினர். ஆங்கிலப் படம் அவர்களுக்குத் தற்செயலாகவே வாய்த்தது. அத்தகைய பார்வையாளர் திரைக்கலையை ஆராய வந்தவர் அல்லர். பேசுவது என்ன மொழி என்பதும் அவருக்கு முழுதும் விளங்காது. ஆயினும் மொழி விளங்காதவருக்கு முகமே வசனமாகிறது. கையின் நடுக்கமே கதையாகிறது.

1945ஆம் ஆண்டில் டேவிட் லீன் இயக்கிய 'பிரீஃப் என்கவுண்டர்' என்னும் ஆங்கிலப் படத்தை எடுத்துக்கொள்வோம். கணவனும் குழந்தைகளும் உள்ள ஒரு மாது; மனைவி மக்கள் உள்ள ஒரு மருத்துவர். புகையிரத நிலையத்துத் தேநீர்ச் சாலையில் இருவரும் சந்திக்கின்றனர். சில வாரங்களில் பிரிந்துவிட முடிவு செய்கின்றனர். இறுதி விடைபெறும் வேளையில், மாதுக்கு அறிமுகமான வம்புப்பேச்சுக்காரி ஒருத்தி இடையில் வந்து அமர்ந்துவிடுகிறாள். அவர்கள் ஒரு சொல்லும் பேச இயலவில்லை. மருத்துவர் எழுந்து, மாதின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுச் சென்றுவிடுகிறார். அவ்வளவுதான் பிரிவு. பாட்டில்லை, கண்ணீர்ப் பெருக்கில்லை. கூட்டு லயத்தில் பத்துக் குடும்பங்களின் கண் முன்னே வாழ்ந்து, தனித்துப் பேச ஓரிடமும் இன்றி வளர்ந்த இளைஞர்க்கு இக்காட்சியை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றொரு படம் 1942ஆம் ஆண்டில் வெளிவந்த 'காசாபிளாங்கா'. மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கிய இப்படத்தில் ஹம்ஃப்ரி போகார்ட்டும் இங்கிரிட் பெர்க்மனும் நடித்தனர். உலகம் இதனைக் காதற் படமென்றே போற்றுகிறது. அது மெய்யே. ஆனால் கதை சுழல்வது எதனைச் சுற்றி? இரண்டு பயண அனுமதித் தாள்களைச் சுற்றி. ஐரோப்பாவில் நாஜிகளுக்கு அஞ்சி ஓடிவந்தோர் மொரோக்கோ நாட்டுக் காசாபிளாங்கா நகரில் அடைபட்டுக் கிடக்கின்றனர். உரிய தாள் கையில் உள்ளவர் விமானம் ஏறுவார். இல்லாதவர் காத்துக் கிடப்பார். கதாநாயகனிடம் இருவர் செல்வதற்கு உரிய தாள்கள் சேர்கின்றன. காதலியையும் அவள் கணவனையும் அனுப்பிவிட்டுத் தான் பின்தங்கிவிடுகிறான். இப்படத்தில் நடித்தோருள் பலர், உண்மையிலேயே ஐரோப்பாவிலிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்தவர்கள். அவர்கள் முகத்தில் தெரியும் கலக்கம் முழுவதும் நடிப்பன்று.

யார் போவது, யார் இருப்பது என்பதை ஒரு தாள் தீர்மானிக்கும் இக்கதை, ஊவாத் தோட்டங்களுக்கு எவ்வகையில் அயலானது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் திரு. லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள 1974இல் உடன்பாடு ஏற்பட்டது.

எண்ணைப் பாதியாக வகுத்தல் எளிது. குடும்பத்தை அங்ஙனம் வகுத்தல் எளிதன்று. தமையன் ஒரு நாட்டுக்கும் தங்கை மற்றொரு நாட்டுக்கும் உரியவராயினர். ஒரே மலையில் கொழுந்து பறித்தோர், ஒருவரையொருவர் விரும்பியோர், வெவ்வேறு தாள்களைக் கையில் பெற்றனர். பெட்டி படுக்கையோடு மலையிறங்கித் தலைமன்னாருக்குப் போய், கப்பலேறி இராமேசுவரம் சேர்ந்து, மண்டபம் முகாமில் தங்கியோர் ஆயிரமாயிரம். நிலையங்களில் எழுந்த அழுகையைக் கேட்ட மக்கள், அவ்வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயரிட்டனர். 1984இல் கப்பற் போக்குவரத்து நின்றுபோனது. கோச்சியின் பெயர் மட்டும் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது.

ஒரு வேறுபாட்டை மறைத்தல் ஆகாது. காசாபிளாங்காவின் நாயகன் தாளைத் தானே மனமுவந்து கொடுக்கிறான். அத்தியாகமே அவனை நாயகனாக்குகிறது. தோட்டத்து இளைஞனுக்கோ கொடுப்பதற்கும் மறுப்பதற்கும் உரிமை அரிதாகவே இருந்தது. அவனுடைய பிரிவைத் தியாகம் என்று அழகுபடுத்தக் கதாசிரியர் எவரும் அருகில் இல்லை.

இனி, இதற்கு நேர்மாறான ஒரு படம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தையே களமாகக் கொண்டு 1954இல் வெளிவந்தது 'எலிபன்ட் வாக்'. இப்படத்துக்காக 1953இல் விவியன் லீ இலங்கைக்கு வந்து நடிக்கலானார். அவர் நோயுறவே, எலிசபெத் டெய்லர் அப்பாத்திரத்தை ஏற்றார். தொலைவிலிருந்து எடுத்த சில காட்சிகளில் இன்றும் விவியன் லீயின் உருவமே தெரிகிறது. இங்கிலாந்திலிருந்து மணமகளாக வரும் துரைசானி. மறைந்த தந்தையின் நிழலிலிருந்து மீளாத துரை. அவளை விரும்பும் இன்னொரு வெள்ளைக்காரர். யானைகள் நீருக்குச் செல்லும் தடத்தை மறித்துக் கட்டிய பங்களா. வாந்திபேதி பரவுகிறது, இறுதியில் யானைகள் பங்களாவைத் தகர்க்கின்றன. வண்ணமும் வனப்பும் நிறைந்த படம். அதில் ஒரு நியாயமும் உண்டு: பிறர் வழியை மறித்துக் கட்டிய மாளிகை நில்லாது என்கிறது அது.

ஆயினும் தோட்டத்தார் ஒருவர் இதைக் காணும்போது எதனைக் காண்கிறார்? பங்களாப் பணியாளர் தலைவர் அப்புஹாமிக்குப் பெயர் உண்டு. யானைகளுக்கும் தம் வழியைக் கேட்கும் உரிமை உண்டு. கொழுந்து பறிப்பவளுக்கோ கதையில் காதல் இல்லை, பிரிவு இல்லை. வாந்திபேதியில் மாள்வோர் கூட்டமாகவே மாள்கின்றனர். நாயகி சாவாளோ என்று நெஞ்சு பதைக்கும். மற்றவர் சாவு எண்ணிக்கையோடு முடியும். ஒருவருக்குப் பெயரிட்டு, அவர் முகத்தருகே படக்கருவியைக் கொண்டுசெல்லும்போதே அவருடைய காதல் பார்ப்போர்க்கும் உரியதாகிறது. நிலம் நம்முடையதாயிருந்தால் மட்டும் படம் நம்முடையதாகிவிடாது.

அந்த முகத்தை அண்மையில் காட்டும் முயற்சி பிற்காலத்தில் இம்மலையிலிருந்தே எழுந்தது. தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975இல் வெளிவந்தது. தோட்டத் தொழிலாளர் வாழ்வே அதன் களம். அதற்கு எழுதியவர் தெளிவத்தை ஜோசப். 1934இல் ஹாலிஎலைக்கு அண்மையில் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, பதுளைப் பகுதித் தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர் அவர். 2022இல் மறையும் வரையில் லயத்து மனிதரைப் பெயரோடும் முகத்தோடும் எழுதி வந்தார். ஹொலிவூட்டின் பொருட்செலவும் வண்ணமும் அப்படத்துக்கு வாய்க்கவில்லை. ஆயினும் திரையில் நின்றவர் கூட்டத்தில் ஒருவரல்லர். யாரோ ஒருவருடைய மகன், யாரோ ஒருவருடைய மகள்.

எது அயல்நாட்டுப் படம் என்ற வினாவுக்கு, பேசும் மொழியையோ எடுத்த இடத்தையோ கொண்டு விடை கூறுதல் போதாது. பதுளை நிலையத்தில் ஒருமுறையேனும் உறவினரை வண்டியேற்றி விட்டவர், மொரோக்கோவில் நிகழும் கதையில் தம் வீட்டைக் காண்பார்; தம் மலையிலேயே நிகழும் கதையில் விருந்தினராகவும் இடம்பெறாமல் நிற்பார். வண்டி புறப்பட்டபின் தண்டவாளத்தை நோக்கி நின்ற அவர்களுள் எத்தனையோ பேருடைய காதற்கதை இன்னும் படமாகவில்லை.