தீபாவளியும் காப்பித்தூள் கடையும்

தீபாவளிக்கு முந்திய வாரம் கும்பகோணத்துக் கடைத்தெருவில் நடந்தால், பட்டாசுப் புகைக்கு முன்பே காப்பிக்கொட்டை வறுபடும் மணம் நம்மை எதிர்கொள்ளும். விருந்தினர் வரும் வீடுகளுக்கெல்லாம் தூள் கூடுதலாக வேண்டுமன்றோ?

ஜவுளிக்காரர் இரண்டு திங்கள் முன்பே சரக்கைக் குவித்து வைக்கலாம். காப்பிக்காரருக்கு அது இயலாது. பச்சைக் கொட்டை பல மாதம் கெடாது. வறுத்தால் சில வாரமே. அரைத்தாலோ சில நாட்களில் மணம் குன்றிவிடும். ஆதலின், கூட்டம் வாயிலில் நிற்கும்போதே வறுத்து அரைத்தாக வேண்டும். 100 கிலோ பச்சைக் கொட்டை வறுபட்டபின் ஏறத்தாழ 80 முதல் 85 கிலோவே தேறும்.

இந்நெருக்கடியில்தான் சோதனை வருகிறது. சிக்கரி ஒரு செடியின் வேர், காப்பியினும் மலிவானது. அதைக் கலப்பது குற்றமன்று; மறைப்பதே குற்றம். கலவையில் காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறையலாகாது, அளவைப் பொட்டலத்தின்மேல் குறிக்கவும் வேண்டும் என்பது சட்டம். ஆயினும், 80க்கு 20 என்று எழுதிவிட்டு, அன்று மட்டும் 70க்கு 30 கலந்தால் யார் அறிவார்?

மறுநாள் விடியலில், எண்ணெய் நீராடி வந்த தெரு முழுவதும் முதல் மிடற்றிலேயே அறியும்! பண்டிகை ஒரு நாள். வாடிக்கை ஆண்டு முழுவதும். காண்பார் இல்லாதபோதும் அளவு பிறழாத கையே சிறு வணிகரின் முதல். நாளை நீங்கள் எத்தொழில் ஏற்பினும் அம்முதலைக் கைவிடாதீர்கள்.