தண்ணீர் லாரியின் பிரேக்கும் நம் பிள்ளைகளும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் சம்ப் பக்கம் நின்றிருந்த தண்ணீர் லாரி, டிரைவர் இறங்கிக் குழாய் மாட்டும்போதே பின்னால் உருண்டு காம்பவுண்டுச் சுவரில் முட்டி நின்றது. பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் இடம் அது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. "அந்த டிரைவரை இனி உள்ளே விடாதீர்கள்" என்று பலர் சொன்னீர்கள். நான் லாரிப் பட்டறையில் முப்பது வருடம் இருந்தவன். அதனால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

என் ஊர் உளுந்தூர்பேட்டைப் பக்கம் களமருதூர். கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரிகள், கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு இறக்கும் லாரிகள், இவற்றில்தான் தொழில் கற்றேன். "திடீர்னு பிரேக் பிடிக்கலை" என்று வந்த வண்டிகளில் பெரும்பாலானவை பல நாள் முன்பே அறிகுறி காட்டியவை.

பெரிய லாரியின் பிரேக் காற்றில் வேலை செய்கிறது. என்ஜினோடு ஓடும் கம்ப்ரஸர் டேங்கில் காற்றை அடைத்து வைக்கும். பெடலை மிதித்தால் அந்தக் காற்று ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள டயாஃப்ரத்தைத் தள்ளும். லைனிங் விரிந்து டிரம்மைப் பிடிக்கும். இதில் எங்கே பழுது என்று கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு.

முதலில் கசிவு. சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, காற்று நிறைந்ததும் என்ஜினை நிறுத்துங்கள். பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு காது கொடுங்கள். 'உஸ்' சத்தம் சக்கரப் பக்கம் வந்தால் டயாஃப்ரமோ ஹோஸோ கிழிந்திருக்கும். பெடலுக்குக் கீழே வந்தால் வால்வு. கேஜ் முள் இறங்கிக்கொண்டே இருந்தால் வண்டியை எடுக்கக் கூடாது.

அடுத்தது டேங்க். அடியில் உள்ள வால்வைத் திறந்தால் தண்ணீர் வரும். தினமும் வடிக்காவிட்டால் அது லைனுக்குள் போய் வால்வுகளைத் துருப்பிடிக்க வைக்கும். தண்ணீரோடு எண்ணெயும் நிறைய வந்தால் கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது அட்ஜஸ்ட்மென்ட். லைனிங் தேயத் தேய டயாஃப்ரம் தள்ளும் தூரம் கூடும்; ஓர் அளவுக்கு மேல் காற்று இருந்தும் பிடிக்காது. எல்லாச் சக்கரமும் ஒரே அளவில் இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சக்கரத்தின் சீல் கசிந்து லைனிங்கில் கிரீஸ் பட்டாலும் அப்படித்தான்.

நம்மை ஏமாற்றுவது சூடு. வெள்ளிமலையிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் கொதித்து, அடிவாரத்தில் பிரேக் பிடிக்காது. அரை மணி நேரம் ஆறினால் மறுபடி பிடிக்கும். "இப்ப சரியாயிடுச்சு" என்று எடுத்துப் போய்விடுவார்கள். அதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது.

நம் லாரிக்கு வருவோம். 12,000 லிட்டர் தண்ணீர் என்றால் 12 டன். பாதி இறக்கியபின் உள்ளே தண்ணீர் அலை மோதும். சரிவில் நிற்கும் வண்டியை அதுவும் அசைக்கும். அந்த லாரியில் ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்திருந்தது. டிரைவரிடம் தனியாகக் கேட்டேன். உரிமையாளரிடம் இரண்டு முறை சொன்னாராம். வண்டியை ஒரு நாள் பட்டறையில் விட்டால் நடைகள் போய்விடும் என்று தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அன்று காலை, "லாரி ஏன் இன்னும் வரலை?" என்று நம் பக்கமிருந்தே நான்கு பேர் போன் செய்திருக்கிறோம். டிரைவரை மாற்றினால் அந்த லாரியின் கேபிள் இறுகிவிடாது.

எனவே சங்கத்துக்கு நான்கு கோரிக்கைகள்:

• எட்டு வருடத்துக்கு மேற்பட்ட லாரிக்கு எஃப்.சி. வருடா வருடம் எடுக்க வேண்டும். அதன் நகலை வாங்கி வையுங்கள். ஆனால் எஃப்.சி. சோதனை நடந்த நாளின் நிலையை மட்டுமே காட்டும், அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

• சம்ப் பக்கம் இரண்டு மரக்கட்டைகள் நாமே வாங்கிப் போடுவோம். சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் குழாய் மாட்டக் கூடாது. செங்கல் உடைந்துவிடும், அது கட்டை ஆகாது.

• லாரி நிற்கும் நேரத்தில் பிள்ளைகள் அந்தப் பக்கம் வராமல் செக்யூரிட்டி பார்த்துக்கொள்ளட்டும்.

• "பிரேக் சரியில்லை, இன்று வரவில்லை" என்று டிரைவர் சொன்னால் அவரைத் திட்டாதீர்கள். அன்றைக்கு வேறு லாரி ஏற்பாடு செய்வோம்; இல்லையென்றால் ஒரு வேளை தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்போம்.