இரு மொழிகள் சந்திக்கும் வாசல்

(முன்னாள் மாணவர் சங்க மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"ஏதாவது உருப்படியா சொல்லுங்க சார்" என்று மாணவர் செயலாளர் கேட்டுக்கொண்டார். எனவே என் தொழிலில் யாரும் அதிகம் பேசாத ஒரு வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

சி மொழியில் ஒரு லைப்ரரி எழுதுகிறார்கள். அதைப் பைத்தான் போன்ற ஸ்கிரிப்ட் மொழியிலிருந்து கூப்பிட நடுவே ஓர் இடைமுகம் வைக்கிறார்கள். உள்ளே இருக்கும் சி பகுதிக்குச் சோதனைகள் நிறைய இருக்கும். நடுவாசலுக்குப் பல நேரம் ஒன்றுமே இராது. "உள்ளேதான் எல்லாம் சரியா இருக்கே, அப்புறம் என்ன?" என்பார்கள்.

'மீனாட்சிசுந்தரம்' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் அது 17 பைட். தமிழில் 16 யுனிகோடு குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 வீதம் 48 பைட். இடைமுகத்தில் பெயருக்கு 32 பைட்தான் ஒதுக்கியிருந்தால்? ஆங்கிலப் பெயர் பத்திரமாகப் போய்ச் சேரும். தமிழ்ப் பெயர் 'மீனாட்சிசு'வோடு நின்று, அடுத்த எழுத்து பாதியில் அறுந்துபோகும். அது சான்றிதழில் ஏறிவிட்டால் ஆபீஸ் ஆபீஸாக அலையப்போவது பெயருக்குச் சொந்தக்காரர்தான்.

அதனால்தான் என்னிடம் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளை முதலில் வாசலுக்குச் சோதனை எழுதச் சொல்கிறேன். அனுப்பியது அப்படியே திரும்பி வருகிறதா? வெற்றுச் சரம், தமிழ்ச் சரம் போய் வருகின்றனவா? ஒரே அழைப்பை லட்சம் தடவை சுற்றவிட்டால் நினைவகம் ஏறிக்கொண்டே போகிறதா?

பிழையையும் சோதிக்கணும். எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் முழு எண்ணின் உச்சம் 9223372036854775807. பைத்தான் எண்ணுக்கு அந்த வரம்பு கிடையாது. ஒன்று கூட்டி அனுப்பினால், பைத்தானோடு வரும் இடைமுகம் எண்ணைச் சிதைக்காமல் ஓவர்ஃப்ளோ பிழை சொல்லி நிறுத்துகிறது. அப்படித்தான் இருக்கணும். யாராவது ஒரு வரி மாற்றினாலும் இவையெல்லாம் தானாக ஓடணும்.

2000-இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட அந்த எஸ்கியூலைட், டிக்கிள் என்ற ஸ்கிரிப்ட் மொழிக்குத் துணையாகப் பிறந்தது. அதன் ஆதிச் சோதனைத் தொகுப்பு இன்றும் டிக்கிள் மொழியில்தான் இருக்கிறது. ஆகவே உள்வீட்டைச் சோதிக்கும்போதெல்லாம் வாசலும் சேர்ந்தே சோதிக்கப்படுகிறது.

தம்பி தங்கைகளே, திறந்த மூல லைப்ரரிகளுக்குச் சோதனை எழுதிக் கொடுக்கச் சிபாரிசு வேண்டாம். மாணவராக இருக்கும்போதே செய்யலாம். முதல் சோதனைக்கு உங்கள் தாத்தா பெயரைத் தமிழில் முழுசாக அனுப்பிப் பாருங்கள். முழுசாகத் திரும்பி வரணும்.